மறையும் பதிப்புரிமையும்



தமிழிலே வேதத்துக்கு மறை என்று பெயர். ஒளித்துவைக்கப்படும் இரகசியத்துக்கும் மறை என்றே பெயர். ஓதப்படுவதற்கும் ஒளிக்கப்படுவதற்கும் ஒரு சொல்லையே நம் முன்னோர் வழங்கினர். சமய உண்மைகளுட் சில தகுதி வாய்ந்தார்க்கு மட்டுமே கூறப்படல் வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுக்குப் புதியதன்று. தீட்சை பெறுபவன் செவியிலே குரு மந்திரத்தை மெல்ல உபதேசிக்கின்றார். அருகில் நிற்கும் தாய்தந்தையர்க்கும் அது கேட்பதில்லை. கதிர்காமத்து ஆடித் திருவிழாவிலே யானைமேல் ஏற்றிச் செல்லப்படும் பேழையினுள் இருப்பதாகச் சொல்லப்படும் யந்திரத்தைப் பல்லாயிரம் அடியார்கள் வணங்குகின்றனர். திறந்து பார்த்தவர் அவர்களுள் எவருமில்லர்.

இத்தகைய மறை ஒன்று வெளிப்பட்ட வரலாறும் நம்மிடையே உண்டு. திருக்கோட்டியூர் நம்பியிடம் எட்டெழுத்து மந்திரத்தின் பொருளை அறியும்பொருட்டு இராமாநுசர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து சென்றார் என்றும், எவர்க்கும் வெளியிடலாகாது என்னும் ஆணையின்மேற் பெற்ற அப்பொருளைக் கோயிலின் உயர்ந்த இடத்தில் ஏறிநின்று ஊரார் கேட்கக் கூறினார் என்றும் வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்லும். நம்பி வெகுண்டார். ஆணையை மீறியவனுக்கு நரகமே கதி என்றார். தான் ஒருவன் நரகம் புக, கேட்டவர் அனைவரும் வீடு பெறுவராயின் அது தமக்கு உவப்பே என்று இராமாநுசர் விடை கூற, நம்பி அவரைத் தழுவிக்கொண்டார்.

இந்த வரலாற்றிலே இன்றைய நமது ஆராய்ச்சிக்கு வேண்டிய செய்தி ஒன்று உளது. நம்பி பற்றி நின்றது இராமாநுசர் கொடுத்த வாக்குறுதியை. கீழே நின்று கேட்ட ஊராரை நம்பி ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. அவர்கள் எவர்க்கும் எவ்வாக்கும் கொடுத்தவர் அல்லர். மந்திரம் நம்முடைய சொத்து, அதனைக் கேட்ட செவிகளுக்கு நட்டஈடு தருக என்று வழக்காட அக்காலத்தில் வழியும் இல்லை, அவ்வெண்ணமும் இல்லை.

அவ்வழக்கு நம் காலத்திலே தோன்றிவிட்டது. சமயத் தாபனங்கள் சில, தம்முள் உயர்நிலை எய்தியோர்க்கு மட்டுமே காட்டும் எழுத்துகளை அகத்தவர் எவரோ வெளியே கொணர்ந்து இணையத்திலே இட்டுவிட்டபோது, பதிப்புரிமைச் சட்டத்தைக் கையிலெடுத்து நீதிமன்றம் புகுந்தன. 1995ஆம் ஆண்டு முதல் அமெரிக்கா, ஒல்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளில் இவ்வழக்குகள் நடந்தன. இன்று கைத்தொலைபேசியால் ஒரு நிமிடத்தில் ஐம்பது பக்கத்தைப் படம்பிடித்து உலகெங்கும் அனுப்பிவிடலாம். ஆகையால் அவ்வழக்குகள் எழுப்பிய வினா கொழும்பு மாநகரிலுள்ள எந்தக் கோயிலையும், பள்ளிவாசலையும், ஆசிரமத்தையும் நாளை வந்தடையக்கூடியது.

பதிப்புரிமை என்பது யாது? நான் சட்டத்தரணி அல்லேன். கலை பயின்று பள்ளிக்கூடம் நடத்துபவர்களுள் ஒருவன். ஆயினும் பாடநூலும் வினாத்தாளும் நாள்தோறும் கையாளும் ஆசிரியர் எவர்க்கும் இச்சட்டத்தின் அடிப்படை ஓரளவு தெரிந்திருத்தல் நன்று. 1710இல் இங்கிலாந்திலே ஆன் அரசியின் காலத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கு மூலமாகக் கருதப்படுகின்றது. கல்வி வளர்ச்சியை ஊக்குவித்தலே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. நூலாசிரியன் தன் நூலை அச்சிட்டு உலகுக்கு அளிக்க, உலகம் அவனுக்குச் சில காலம் வரையும் தனியுரிமை கொடுத்தது. காலம் முடிந்தபின் நூல் பொதுச்சொத்தாகும். இஃது ஒருவகைப் பண்டமாற்று.

இப்பண்டமாற்றில் இரண்டு எல்லைகள் உள. ஒன்று, உரிமை சொற்களுக்கே உண்டு, கருத்துக்கு இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இதனையே விதிக்கின்றது. எண்ணம், முறை, கோட்பாடு என்பன அச்சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி காப்புப் பெறா. ஒருவர் எழுதிய தியான முறையை வேறொருவர் தம் சொற்களால் விளக்கினால் பதிப்புரிமை அவரைத் தடுக்காது. மற்றையது, உரிமைக்குக் கால எல்லை உண்டு. எழுதியவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் என்பது இலங்கைச் சட்டம். என்றென்றைக்கும் மறைவாயிருத்தல் வேண்டும் என்று ஒரு சமயம் கருதும் எழுத்துக்கு, என்றேனும் ஒருநாள் தானே விலகிவிடும் இக்காவல் எத்துணை பொருந்தும்?

வெளியிடப்படாத எழுத்துக்குச் சட்டம் காவலே தருவதில்லை என்று இதனால் எண்ணிவிடலாகாது. 1849ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த வழக்கொன்று சட்டமாணவர் யாவரும் அறிந்தது. விக்ரோறியா மகாராணியும் அவர் கணவர் அல்பேட் இளவரசரும் தம் குடும்பத்தாருக்காகச் செதுக்கிய சித்திரங்களின் படிகள் சில, அச்சிடக் கொடுத்த இடத்திலிருந்து களவாக வெளியேறின. ஸ்ற்றேஞ்ச் என்னும் வெளியீட்டாளர் அவற்றைக் காட்சிக்கு வைத்து விவரணப் பட்டியலும் விற்க முற்பட்டார். இளவரசர் வழக்கிட்டார். காட்சியை மட்டுமன்றிப் பட்டியலையும் நீதிமன்றம் தடை செய்தது. வெளியிடுவதா விடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை ஆக்கியோனுக்கே உரியது என்பது அத்தீர்ப்பின் கருத்து. தனி மனிதனின் கடிதமும் நாட்குறிப்பும் இந்நெறியால் இன்றும் காக்கப்படுகின்றன, காக்கப்படுதலும் வேண்டும்.

ஆனால் ஒரு குடும்பத்தின் சித்திரம் வேறு, ஆயிரக்கணக்கானோரின் வாழ்வையும் பொருளையும் நெறிப்படுத்தும் தாபனத்தின் எழுத்து வேறு. பள்ளிக்கூடத்து உவமை ஒன்று கூறுகின்றேன். பொதுப் பரீட்சையின் வினாத்தாள் முத்திரையிட்ட உறைக்குள் வருகின்றது. குறித்த நேரம் வரையும் அதனைக் காப்பது எம் கடமை. அதனை முன்கூட்டி வெளியிடுபவரைத் தண்டிக்க 1968ஆம் ஆண்டின் பொதுப் பரீட்சைச் சட்டம் இருக்கின்றது. பரீட்சை முடிந்த மறுவாரமே அவ்வினாத்தாள் கடைகளிலே கடந்தகால வினாத்தாளாகத் தொங்குகின்றது. அங்கே காக்கப்பட்டது வினாவின் சொல்லழகு அன்று, ஒரு வேளை. அதற்கென்றே ஒரு சட்டமும் செய்தார்கள். சமய இரகசியத்துக்கோ தனக்கென ஒரு சட்டம் கிடையாது. ஆகவே அது வேறொன்றுக்காக ஆக்கப்பட்ட சட்டத்தை இரவல் வாங்க வேண்டியதாயிற்று.

இரவல் வாங்கியவர்களுள் முதன்மையானது சயன்டோலொஜி என்னும் அமெரிக்கச் சமய இயக்கம். ரோன் ஹபார்ட் என்னும் எழுத்தாளர் தோற்றுவித்த இவ்வியக்கத்தின் முதலாவது திருச்சபை 1954இல் நிறுவப்பட்டது. அவர் 1986இல் மறைந்தார். இவ்வியக்கத்திலே படிநிலைகள் பல உள. மேற்படிகளுக்குரிய ஏடுகள், கீழ்ப்படிகளைக் கடந்து, அவற்றுக்குரிய பெருந்தொகைக் கட்டணங்களையும் செலுத்தி வந்தோர்க்கே காட்டப்படும். முன்னேற்பாடின்றி அவற்றைப் படிப்பவர்க்குத் தீங்கு விளையும் என்றும் கூறப்படும். அவற்றின் உரிமைகளைக் காப்பதற்கென 1982இல் ஒரு தனித் தாபனமும் அமைக்கப்பட்டது.

1983 டிசம்பரில் கொப்பன்ஹேகன் நகரிலுள்ள அவர்கள் நிலையத்திலிருந்து அவ்வேடுகள் சில களவுபோயின. பிரிந்து சென்ற குழுவொன்றின் கைக்கு அவை எட்டின. தாபனம் அப்பொழுது பற்றியது பதிப்புரிமையை விட வணிக இரகசியம் என்னும் கோட்பாட்டையே. உணவுப்பண்டம் ஒன்றின் கலவை முறையை மறைத்து வைக்கும் வணிகனுக்குச் சட்டம் தரும் காப்பு அது. 1986இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கூர்மையான வினாவை எழுப்பியது. வணிக இரகசியம் ஆவதற்கு அதனால் வணிகப் பயன் இருத்தல் வேண்டும். இவ்வேடுகளின் பயன் ஆன்மிகப் பயனே என்று நீங்களே கூறுகின்றீர்கள். அவ்வாறாயின் அஃது எங்ஙனம் வணிக இரகசியமாகும்? தடையாணை நீக்கப்பட்டது. நேயர்கள் இவ்விடத்தைச் சிறிது உன்னிப் பார்த்தல் வேண்டும். பொருட்பயன் உண்டு என்றால் சமயம் என்னும் தகுதி ஐயத்துக்கு இடமாகும். இல்லை என்றால் சட்டக் காப்பு நழுவும். பின்வந்த நீதிபதிகள் சிலர், சமய ஏடும் தக்க சான்று இருப்பின் வணிக இரகசியம் ஆகலாம் என்று நெகிழ்ந்து கூறினர். ஆயினும் அந்த இக்கட்டு முழுதும் தீர்ந்ததாகத் தோன்றவில்லை.

இக்காலத்திலேயே நீதிமன்றப் பதிவேடு என்னும் புதுவாயில் திறந்தது. பழைய உறுப்பினர் ஒருவர் இயக்கத்தின்மேல் தொடுத்த வழக்கிலே மேற்படி ஏடுகள் சான்றாக இணைக்கப்பட்டன. அமெரிக்காவிலே வழக்கேட்டைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கலாம். 1985 நவம்பரிலே லொஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் அவ்வேடு திறந்துவிடப்பட்ட காலையில், ஏறக்குறைய 1500 அன்பர்கள் வந்து கட்டிடத்தை நிறைத்து, பிறர் படி எடாதவாறு தாமே வரிசையில் நின்று ஒவ்வொருவராக விண்ணப்பித்தனர். நகரின் முதன்மைப் பத்திரிகை எவ்வாறோ ஏட்டின் செய்தியைப் பெற்று வெளியிட்டுவிட்டது. தாம் புனிதமெனப் போற்றுவதைப் பிறர் கண் படாமற் காக்க அத்துணை பேர் நாள் முழுதும் கால்கடுக்க நின்றார்கள் என்பதை எண்ணும்போது, அவர் கொள்கையை ஏற்காத எனக்கும் அவர்கள்பால் இரக்கமே உண்டாகின்றது.

1993இல் ஸ்டீவன் பிஷ்மன் என்னும் பழைய உறுப்பினர் ஒருவர், இயக்கம் தம்மேல் தொடுத்த மானநட்ட வழக்கில் சத்தியக்கடதாசி ஒன்றைத் தாக்கல் செய்து, அதனுடன் மேற்படிகளுக்குரிய ஏடுகள் பலவற்றை இணைத்தார். அவ்வழக்கு முடிந்தும் கோவை திறந்தே கிடந்தது. இம்முறையும் பழைய உபாயமே. நாள்தோறும் காலையில் இயக்கத்தார் வந்து கோவையை வாங்கி மாலைவரை கையில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தனர். ஈராண்டுக்கு மேல் இது நடந்தது. எனினும் எவ்வாறோ ஒரு படி வெளியேறியது. அர்னால்டோ லெர்மா என்னும் முன்னாள் உறுப்பினர் 1995ஆம் ஆண்டு கோடையில் அதனை இணையத்தில் ஏற்றினார். ஓகஸ்ட் 12ஆந் தேதி அரச அலுவலர் வந்து அவர் வீட்டைச் சோதித்துக் கணினியை எடுத்துச் சென்றனர். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை நீதிமன்றத்தாரிடமே கேட்டு ஒரு படியைப் பெற்று, அதிலிருந்து 46 சொற்களை மேற்கோள் காட்டிக் கட்டுரை வெளியிட்டது. லெர்மாவின்மேலும் பத்திரிகையின்மேலும் வழக்கு எழுந்தது.

வர்ஜீனியாவில் லியொனி பிரிங்கெமா என்னும் பெண் நீதிபதி அளித்த தீர்ப்புகள் இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினால் சட்டத்தின் போக்கு விளங்கும். பத்திரிகை 46 சொற்களை எடுத்தது செய்தி கூறும்பொருட்டு, அது நியாயமான பயன்பாடு, வழக்கு தள்ளப்பட்டது. இயக்கத்தின் முதன்மையான நோக்கம் தன்னைக் குறைகூறுவோர் வாயை அடைத்தலே என்றும் நீதிபதி வெளிப்படையாக எழுதினார். லெர்மாவின் நிலையோ வேறு. அவர் விமரிசனம் ஏதும் செய்யாமல் ஏடுகளைப் பெரும்பாலும் முழுமையாகவே படியெடுத்து இட்டார். 1996 ஜனவரியில் அவர் பதிப்புரிமையை மீறினார் என்றே தீர்ப்பாயிற்று. ஆனால் விதிக்கப்பட்ட நட்டஈடு 2500 டொலர் மட்டுமே. வணிக இரகசியம் என்னும் வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. பத்து நாள் இணையத்திலே கிடந்த எழுத்து இலட்சக்கணக்கானோர் காணத்தக்கதாயிற்று. கண்டபின் அஃது இரகசியமாதல் எங்ஙனம் என்றார். சொற்களுக்குரிய உரிமை நிலைத்தது, மறைவு நிலைக்கவில்லை. இவ்வகை வழக்குகள் அனைத்தின் சாரமும் இதுவே என்று நான் கருதுகின்றேன்.

அதே ஆண்டில் கலிபோர்னியாவில் நடந்த மற்றொரு வழக்கு உலகெங்கும் பயன் விளைத்தது. இயக்கத்தின் குருமாராயிருந்து விலகிய டென்னிஸ் ஏர்லிக் என்பவர் ஹபார்ட்டின் எழுத்துகளை இணையத்தில் எடுத்துக்காட்டி விவாதித்தார். தாபனம் அவரை மட்டுமன்றி, அவருக்கு இணைப்பு அளித்த நெட்கொம் என்னும் நிறுவனத்தையும் வழக்கில் இழுத்தது. இலட்சம் பேர் எழுதுவதை ஒருவர் முன்கூட்டிப் படித்துப் பார்த்தல் இயலுமா? 1995 நவம்பர் 21ஆந் தேதி நீதிபதி ரொனால்ட் வைற் அளித்த தீர்ப்பிலே, அந்நிறுவனம் படியெடுக்கும் பொறியின் சொந்தக்காரரை ஒத்தது. அப்பொறியிலே பிறர் எடுக்கும் படிக்கு அவர் நேரே பொறுப்பாளி அல்லர் என்றார். ஆனால் இன்னது மீறல் என்று அறிவித்தபின்னும் வாளாவிருந்தால் பொறுப்பு வரக்கூடும் என்றார். 1998இல் அமெரிக்கா இயற்றிய எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டம் இக்கருத்தைத் தழுவி, அறிவித்தல் கொடுத்தால் நீக்குதல் என்னும் முறையை வகுத்தது. இந்தியாவும் 2012இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இதனை ஒத்த ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தது. அங்கே முறைப்பாடு செய்தவர் 21 நாளுள் நீதிமன்ற ஆணை பெறாவிடின் நீக்கியதை மீண்டும் இடலாம்.

நீக்கும் முறை எளிதானது. எளிதான கருவி தவறான கைக்கும் எளிது. 2002 மார்ச்சிலே இவ்வியக்கம் கூகிள் நிறுவனத்துக்கு அறிவித்தல் அனுப்ப, இயக்கத்தை விமரிசிக்கும் நோர்வே நாட்டுத் தளமொன்றின் பக்கங்கள் தேடற் பட்டியலிலிருந்து மறைந்தன. மக்கள் குரலெழுப்பிய பின் முகப்புப் பக்கம் மீண்டது. அன்று தொட்டு அந்நிறுவனம் தனக்கு வரும் இத்தகைய அறிவித்தல்களைப் பொதுமக்கள் பார்வைக்கு அனுப்பும் வழக்கத்தை மேற்கொண்டது. மறைக்க முற்பட்ட செயலே மறைப்பவர் யார் என்பதை ஊருக்கு அறிவித்தது.

சுவீடன் நாட்டிலே நடந்தது சற்று வேடிக்கையானது. அரச அலுவலகம் எதற்கு வரும் கடிதத்தையும் குடிமக்கள் எவரும் பார்க்கலாம் என்பது 1766 முதல் அந்நாட்டிலே உள்ள உரிமை. செனன் பனூசிஸ் என்பவர் 1996இல் மேற்படி ஏடுகளை நாடாளுமன்றம் முதலிய அரச இடங்களுக்கு அனுப்பிவைத்தார். அவை பொது ஆவணங்கள் ஆகிவிட்டன. இயக்கத்தார் அங்கும் வந்து மாறிமாறி இரவல் கேட்டு நின்றனர். இறுதியில் பனூசிஸ் பதிப்புரிமையை மீறினார் என்றே சுவீடன் நீதிமன்றங்கள் தீர்த்தன.

ஒல்லாந்து வழக்குத்தான் எல்லாவற்றுள்ளும் நெடியது. 1995 செப்டம்பரிலே அம்ஸ்ரடாமில் உள்ள இணைய இணைப்பு நிறுவனமொன்றின் பொறிகளை முத்திரையிட அலுவலர் வந்தனர். அச்செய்தி கேட்டு, கரின் ஸ்பைங்க் என்னும் பெண் எழுத்தாளர் பிஷ்மன் கோவையைத் தம் தளத்தில் இட்டார். வேறு பலரும் இட்டனர். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் அவருள் அடங்குவர். ஸ்பைங்க் பின்னர் முழு ஏட்டையும் நீக்கிவிட்டு, அதன் பகுதிகளை மேற்கோளாகக் காட்டித் தம் விளக்கத்தை இடையிட்டு எழுதினார். நுட்பமான மாற்றம் இது. முன்னையது படியெடுத்தல், பின்னையது ஆராய்தல். 2003 செப்டம்பர் 4ஆந் தேதி ஹேக் மேன்முறையீட்டு நீதிமன்றம் இயக்கத்தின் கோரிக்கைகளைத் தள்ளியது. மக்களாட்சி விழுமியங்களைத் தள்ளும் கருத்துகள் இயக்கத்தின் எழுத்துகளிலே காணப்படுகின்றன என்றும், அதனைப் பொதுமக்களுக்கு எடுத்துக்காட்டும் உரிமை பேச்சுச் சுதந்திரத்தின்பாற்படும் என்றும் நீதிமன்றம் கருதியது. இயக்கம் மேலே சென்றது. பின் 2005இல் தானே விலகிக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பர் 16ஆந் தேதி உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முற்றுப்பெற்றது. பத்தாண்டு!

ஏடு முழுவதையும் இடுபவரையும் ஏட்டை ஆராய்பவரையும் சட்டம் வேறுவேறாக நோக்குவது நன்றே. வெளியிடப்படாத நூல் என்னும் ஒரு காரணம் மட்டும் நியாயமான பயன்பாட்டுக்குத் தடையாகாது என்று அமெரிக்கா 1992இல் தன் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்த்தது. அவ்வாறு சேர்க்காதிருந்தால், தன் எழுத்தை எக்காலும் வெளியிடாத தாபனம் தன்னைப்பற்றிய விமரிசனத்தையும் எக்காலும் தடுத்துவிடலாம் அன்றோ? தன் மகன் எதனை நம்பி வீட்டைவிட்டுப் போனான், தன் மனைவி எதற்காகச் சேமிப்பை எல்லாம் செலுத்தினாள் என்று அறிய விரும்புபவனுக்கு அது ஆராய்ச்சிப் பொருளன்று, அவன் வாழ்வு.

இத்தகைய வழக்கு ஓர் இயக்கத்துக்கு மட்டும் உரியதன்று. மோர்மன் திருச்சபையினர் தம் தலைவர்களுக்கென ஒரு கைந்நூல் வைத்திருந்தனர்; ஏனைய அங்கத்தவர்க்கு அது கிடைப்பதில்லை. அத்திருச்சபையை விமரிசித்து வந்த தம்பதியர் ஒருவர், அங்கத்தவர் தம் பெயரைத் திருச்சபைப் பதிவிலிருந்து நீக்கிக்கொள்ளும் முறை முதலியவற்றைக் கூறும் 17 பக்கங்களை 1999இல் இணையத்தில் இட்டனர். இங்கே மந்திரமும் இல்லை, தெய்வ வெளிப்பாடும் இல்லை. ஒருவர் ஓர் அமைப்பிலிருந்து விலகுவது எப்படி என்னும் நடைமுறை விதியே. திருச்சபை வழக்கிட்டது. உட்டாவிலுள்ள நீதிபதி அவ்வாண்டு டிசம்பர் 6ஆந் தேதி தடை விதித்தார். தாமே இட்ட பக்கங்களை நீக்கியபின் பிறர் இட்டிருந்த இடங்களின் முகவரிகளைச் சுட்டிக் காட்டியதும் மீறலுக்குத் துணைபோதலே என்றார். வழக்கு 2000இல் இணக்கமாக முடிந்தது. 2008இல் அக்கைந்நூல் விக்கிலீக்ஸ் வாயிலாக மீண்டும் வெளிப்பட, மீண்டும் அறிவித்தல்கள் பறந்தன. 2010இல் கைந்நூலின் ஒரு பகுதியைத் திருச்சபை தானே யாவர்க்கும் திறந்தது. 2020 பெப்ரவரியில் முழுவதையும் தன் தளத்திலேயே வெளியிட்டது. முன்னர் எதற்காக அத்துணை போராடினார்கள் என்று கேட்கத் தோன்றும். திருத்தப்படாத பழம்படிகள் உலவுதலை விடத் தாமே செம்மையாக வெளியிடல் மேல் என்று அவர்கள் கருதியிருத்தல் கூடும். அஃது என் ஊகமே.

இனி நம் பக்கம் வருவோம். இந்தியாவிலே இத்தகைய இரகசிய ஏடு பற்றிய வழக்கு பெரிதாக எழாவிடினும், அண்டிய வழக்குகள் இரண்டு நமக்கு வழிகாட்டும். 2014இல் டில்லி உயர் நீதிமன்றம், பிராண சிகிச்சை முறை பற்றிய நூல்களுக்குப் பதிப்புரிமை உண்டு; ஆனால் அந்நூலிற் கூறிய முறையைப் பயிற்றவும் கையாளவும் எவரையும் தடுக்க இயலாது என்று கூறியது. 2023 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் முன் பக்திவேதாந்த நூல் நிதியம் வந்தது. 1977இல் மறைந்த பிரபுபாத சுவாமிகளின் நூல்களை இணையத்தில் அனுமதியின்றிப் பரப்பியோர்மேல் அது முறையிட்டது. பகவத்கீதைக்கும் பாகவதத்துக்கும் எவரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. அவற்றுக்கு ஒருவர் எழுதிய விளக்கமும் உரையும் காக்கப்படும் என்று தீர்ப்பாயிற்று. மூலநூல் எல்லார்க்கும் பொது. உரை உரையாசிரியனுக்கு உரியது. உரைமரபிலே வளர்ந்த தமிழர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

இலங்கையிலே, பம்பலப்பிட்டியில் உள்ள ஒரு சமய மன்றத்தின் தீட்சைக் கைந்நூல் நாளை கைத்தொலைபேசிகளில் உலவத் தொடங்குகின்றது என்று வைத்துக்கொள்வோம். மன்றத்தார் நீதிமன்றம் செல்லின் அங்கே முதலில் கேட்கப்படுவது, இதனை எழுதியவர் யார், உரிமை மன்றத்துக்கு எழுத்துமூலம் மாற்றப்பட்டதா என்பதே. நம் மன்றங்கள் பலவற்றில் இதற்கு விடை இராது. குரு சொன்னார், சீடர் எழுதினார், மற்றொருவர் தட்டச்சிட்டார். கடதாசி எதுவும் இல்லை. உரிமை நிறுவப்பட்டாலும், விமரிசனம், செய்தி, கற்பித்தல், ஆராய்ச்சி என்பவற்றின்பொருட்டு நியாயமாக எடுத்தாள்வதைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அனுமதிக்கின்றது. எடுத்த அளவு என்ன, நோக்கம் என்ன, நூலின் இயல்பு என்ன, அதன் விற்பனைக்கு நேர்ந்த பாதிப்பு என்ன என்பன நோக்கப்படும். விற்கப்படாத நூலுக்கு விற்பனைப் பாதிப்பை எண்பித்தல் அரிது. வெளியிடப்படாத தகவலைக் காக்கும் 160ஆம் பிரிவு ஒன்றும் உண்டு. ஆனால் அது வணிகப் பெறுமதி உள்ள தகவலுக்காக எழுந்தது. அமெரிக்க நீதிமன்றம் 1986இல் எழுப்பிய வினா இங்கும் எழும்.

வழக்கிட எண்ணும் தருமகர்த்தாக்கள் மற்றொன்றையும் ஆராய்தல் நன்று. எந்த எழுத்தைக் காக்க விரும்புகின்றார்களோ அதனையே நீதிமன்றத்தில் சமர்ப்பித்து, எதிர்க்கட்சிச் சட்டத்தரணி படிக்க, நீதிபதி படிக்க, எழுதுவினைஞர் கோவையில் இட விடல் வேண்டும். லொஸ் ஏஞ்சலிஸில் நடந்ததை மேலே கூறினேன். இதனினும், உறுப்பினர் சேரும்போதே எழுத்துமூலம் வாக்குறுதி பெறுதல் பயனுடைத்து. அது ஒப்பந்தம். மீறியவரை அது கட்டுப்படுத்தும். மீறியவர் வாயிலாக அறிந்த மூன்றாமவரை அது பெரும்பாலும் கட்டுப்படுத்தாது. கோபுரத்தின் கீழ் நின்ற ஊராரின் நிலையே அவர்களது நிலை.

ஏட்டுச்சுவடிகள் வைத்திருக்கும் குடும்பத்தார்க்கும் ஒரு சொல். மந்திரமும் மருத்துவமும் எழுதிய ஏடுகள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பிறர்க்குக் காட்டலாகாது என்று பாட்டனார் சொல்லிச் சென்றமையால் பரண்மேற் கிடந்து செல்லரிக்கின்றன. எழுதியவர் மறைந்து நூற்றாண்டுகள் ஆயினமையால் அவற்றின் பாடத்துக்குப் பதிப்புரிமை எவர்க்கும் இல்லை. ஓலை மட்டுமே குடும்பத்தின் உடைமை. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களுடன் இத்தகைய சுவடிகளையும் படம்பிடித்துப் பேணி வருகின்றது. கொடுக்க விரும்புவோர் முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்க. எந்த ஏடு எவரிடமிருந்து எவர்க்கு வந்தது, எதனை வெளியிட உடன்பாடு, எதனைப் பேணிவைக்க மட்டுமே உடன்பாடு என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு ஏட்டுடன் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். அந்த ஒரு தாள் இல்லாமையே பிற்காலத்தில் உறவினர்க்கிடையே வழக்காக மூளுவது.